‘வாடகைக்கு நாங்க கேரண்டி’ என்று வருபவர்களிடம் சாவியைக் கொடுக்கும் முன்

சென்னையில் பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள், அதிலும் வெளியூரிலோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள். ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் லீசுக்கு (மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, காலம் முடிந்ததும் அதைத் திரும்பப் பெறும் முறை) விட்டு, அந்தப் பணத்தோடு காணாமல் போகும் கம்பெனிகள் சென்னையிலும் பெங்களூரிலும் திரும்பத் திரும்ப முளைக்கின்றன. ஒன்று மூடினால் வேறு பெயரில் இன்னொன்று வருகிறது. ஓனர் வாடகையை இழக்கிறார். குடி வந்த குடும்பத்துக்கோ மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமே போகிறது.

பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான். “வீடு காலியா இருந்தாலும் மாசம் பிறந்தா வாடகை வந்துடும் சார். பெயின்ட், பிளம்பிங் எல்லாம் எங்க பொறுப்பு. டெனன்ட் தொல்லையே உங்களுக்கு இல்ல.” இதில் ஓனர் மயங்கக் காரணம் இருக்கிறது. 20 வருடத்துக்கு 8.5% வட்டியில் 50 லட்சம் கடன் வாங்கியவருக்கு மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். வரும் வாடகை 18,000. இடையில் இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே மூச்சு முட்டும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, “மாசம் 21,000, கேரண்டி” என்றால் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும்.

அக்கம்பக்கத்தில் 18,000 போகும் வீட்டுக்கு 21,000 தந்து ஒருவர் எப்படிப் பிழைப்பார்? இந்தக் கேள்வியை அப்போதே கேட்க வேண்டும். மேடவாக்கம் பக்கத்தில் அப்படி ஒரு இரண்டு பெட்ரூம் பிளாட் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி அதை 9 லட்சத்துக்கு மூன்று வருட லீசுக்கு விடுகிறது. 9 லட்சத்தை 7% வட்டியில் வங்கியில் போட்டாலும் மாதம் 5,250 ரூபாய்தான் வரும். ஓனருக்குக் கொடுக்க வேண்டியது 21,000. அப்படியானால் அந்த 9 லட்சத்திலிருந்தே எடுத்துத்தான் கொடுக்கிறார்கள். 36 மாதத்தில் ஓனருக்குப் போவது 7,56,000. மிச்சம் 1,44,000. மூன்றாவது வருட முடிவில் லீசுக்கு வந்தவருக்கு 9 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். பற்றாக்குறையை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? அடுத்த வீட்டுக்கு லீஸ் கொடுத்தவர் பணத்திலிருந்து. அதிலும் அலுவலக வாடகை, சம்பளம், புரோக்கர் கமிஷன், முதலாளியின் கார் எல்லாம் இதே பணத்தில்தான். புது வீடுகள் வருவது குறைந்த மாதமே வாடகை நிற்கும். தொழில் நொடித்ததால் வந்த நஷ்டம் என்று பிறகு அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். முதல் நாளிலிருந்தே இந்தக் கணக்கு நிற்காது.

ஒப்பந்தத்தில் எங்கே பிடி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் 11 மாதம், நோட்டரி முத்திரை, ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பக்கம். நடுவில் ஒரு வரி: கம்பெனி தனக்குச் சரியென்று படும் எந்த முறையிலும் வீட்டை உள்வாடகைக்கோ லீசுக்கோ விடலாம், முன்பணம் பெறலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. அந்தச் சம்மதத்தைத்தான் இந்த ஒரு வரியில் உங்கள் கையாலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். கூடவே ‘கேஒய்சி’ என்று சொல்லி இ.பி. கார்டு, சொத்துவரி ரசீது, கிரயப் பத்திரத்தின் முதல் பக்கம், ஆதார் நகல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். குடி வருபவர் முன்னால் அந்த நகல்களை விரித்து வைத்து, “ஓனர் துபாய்ல இருக்கார், எல்லா அதிகாரமும் எங்ககிட்ட” என்பார்கள். நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் ‘மாத வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும், லீஸ், ஒத்திக்குச் செல்லாது’ என்று பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் நகல் எடுக்கும்போது மறைத்துவிடுவார்கள். எழுத்துகளின் மேலேயே எழுத வேண்டும்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து எதுவும் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் நிறைய. அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீசைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் சொல்கிறது. இவர்கள் போடும் மூன்று வருட லீசோ வெறும் நோட்டரி காகிதம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போகாதது வில்லங்கத்தில் எப்படி வரும்?

வீட்டில் யார், எந்தக் கணக்கில் இருக்கிறார் என்பதை நேரில் கேட்டால்தான் தெரியும். வாடகை முதலில் பத்து நாள் தள்ளிப்போகும், பிறகு பாதி வரும், பிறகு போனை எடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் பலர் வீட்டுக்கே போகிறார்கள். கதவைத் திறப்பவர், “நாங்க ஒன்பது லட்சம் கொடுத்து லீசுக்கு வந்திருக்கோம், நீங்க யாருங்க?” என்கிறார். அந்த நேரத்தில் கோபப்பட்டு கரண்டை வெட்டுவது, தண்ணீரை நிறுத்துவது, பூட்டுப் போடுவது எதையும் செய்யாதீர்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை வாடகைச் சட்டமே தடை செய்கிறது. புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் எதிர்மனுதாரர் ஆகிவிடுவீர்கள்.

அவரும் ஏமாந்தவர்தான். உட்கார்ந்து பேசி, லீஸ் காகிதத்தின் நகலையும் பணம் அனுப்பிய வங்கிச் சான்றையும் வாங்குங்கள். இருவரும் சேர்ந்து கொடுக்கும் புகாருக்கு வலு அதிகம். கம்பெனிக்கும் அதன் இயக்குநர்கள் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தம் ரத்து, கொடுத்த அதிகாரம் எதுவானாலும் திரும்பப் பெறப்பட்டது என்று, சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் போக வேண்டும். புகாரை சென்னையில் மத்திய குற்றப்பிரிவிலும் மாவட்டங்களில் மாவட்டக் குற்றப்பிரிவிலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடந்த மோசடி என்றால் (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த) பாரதிய நியாய சன்ஹிதா 318(4), நம்பிக்கை மோசடிக்கு 316, உங்கள் கையெழுத்தையே அவர்கள் போட்டிருந்தால் போலி ஆவணத்துக்கான பிரிவுகளும் சேரும். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இடைப்பட்ட காலத்தில் குடியிருப்பவர் தரும் பணத்தை வாடகையாக வாங்குவதோ, “அந்த ஒன்பது லட்சத்துக்கு நானும் பொறுப்பு” என்று எதையாவது எழுதிக் கொடுப்பதோ வக்கீலைக் கேட்காமல் கூடாது. 11 மாத உரிமை மட்டுமே உள்ள கம்பெனி மூன்று வருட உரிமையைக் கொடுக்க முடியாது என்பது உங்கள் பக்க வாதம். ஆனால் ஓனரின் சொல்லோ நடத்தையோ ஏஜென்டுக்கு அதிகாரம் இருப்பதாக மூன்றாம் நபரை நம்பவைத்திருந்தால் அது ஓனரைக் கட்டுப்படுத்தும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 237வது பிரிவு சொல்கிறது. பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் மாட்டுவது இங்கேதான். வாடகை நிர்வாகத்துக்குப் பவர் பத்திரமே தேவையில்லை. கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்குச் சம்பளமாக மாதம் இவ்வளவு என்று கொடுங்கள். ஆனால் குடியிருப்பவரின் ஒப்பந்தத்தில் ஓனராக நீங்களே கையெழுத்துப் போட வேண்டும், வாடகையும் அட்வான்சும் அவர் கணக்கிலிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும். நேர்மையான நிர்வாகிக்கு இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் வாங்கிவிடுங்கள். அசோசியேஷன் செயலாளருக்கு ஒரு மெயில்: என்னிடம் போனில் உறுதி செய்யாமல் யாருடைய சாமானும் உள்ளே போகக்கூடாது. வாட்ச்மேனிடமும் உங்கள் நம்பர் இருக்கட்டும். பல வீடுகளில் உண்மை முதலில் தெரிந்தது வாட்ச்மேனுக்குத்தான், ஓனருக்குச் சொல்ல நம்பர்தான் இல்லை.

ஏற்கெனவே கம்பெனியிடம் கொடுத்துவிட்டவர்கள் இந்த வாரமே ஒருவரை அனுப்பி, குடியிருப்பவரிடம் வாடகையா லீசா, யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேளுங்கள். கம்பெனி கொடுத்த பின்தேதியிட்ட காசோலைகள் கையில் இருந்தால், போட்டுத் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவில் வழக்குப் போட வேண்டும். “அடுத்த வாரம் செட்டில் பண்றோம் சார்” என்று அவர்கள் இழுப்பதே இந்தக் கெடு தாண்டுவதற்காகத்தான்.

லீசுக்கு வீடு தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசிக் கிரயப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் வீடியோ காலிலாவது பேசாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகட்டும், லீஸ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகட்டும், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதத்தையும் கேளுங்கள். ‘ஓனர்கிட்ட பேச முடியாது, எல்லாம் நாங்கதான்’ என்று சொல்லும் இடத்தில் டோக்கன் அட்வான்ஸ்கூட வேண்டாம்.