தேய்மானம் கழித்தா, புது விலைக்கா?

வீட்டுக்காரர் எடுத்திருக்கும் காப்பீடு சுவருக்கும் கூரைக்கும்தான்; குடியிருப்பவரின் பீரோவுக்கு இல்லை. நம் சாமான்களுக்கு நாம்தான் தனியாக எடுக்க வேண்டும். அதில் இரண்டு வகை: சாமான் பழசான அளவுக்கு மதிப்பைக் குறைத்து (அதுதான் தேய்மானம்) பணம் தருவது ஒன்று, புதிதாக வாங்கும் விலையையே தருவது இன்னொன்று.

தேய்மானம் கழித்துத் தரும் பாலிசிக்கு பிரீமியம் குறைவு. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். வாஷிங் மெஷின் டிரம்முக்குள் சேறு. 30,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்து வருடம் ஓடிய மெஷின் என்றால், வருடத்துக்கு 10 சதவீதம் கழித்தாலே கைக்கு வருவது 15,000தான். அதை வைத்துப் புதிது எப்படி வாங்குவது?

புது விலைக்கே தரும் பாலிசியில் அந்தத் தவிப்பு இல்லை. பிரீமியம் கூடும், சரி. தரைத்தளத்தில் இருப்பவர்கள் தயங்காமல் இதையே எடுங்கள். மாடியில், பழைய சாமான்களோடு இருப்பவர்களுக்கு முதலாவதே போதும்.

அப்புறம், பில்லைப் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். வெள்ளத்தில் காகிதம் மிஞ்சாது.