தாயமா, கேரமா? பொதுமுடக்கத்தில் எங்கள் கூடம்

2020 ஜூன் முதல் வாரம், கடைகள் கொஞ்சம் திறந்த இடைவெளியில் 2,200 ரூபாய் கொடுத்துக் கேரம் போர்டு வாங்கினோம். அதே மாதம் அத்தை, அதாவது என் மாமியார், தன் டிரங்குப் பெட்டியைக் குடைந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வெளியே வைத்தார். வீட்டில் ஐந்து பேர்: அத்தை, அவர், நான், ஏழாம் வகுப்பு மகள், இரண்டாம் வகுப்பு மகன். ஒரே கூடத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் இரண்டையும் விளையாடியிருக்கிறோம். மறுபடி ஒருமுறை வீட்டோடு அடைந்து கிடக்க நேர்ந்தால் நான் முதலில் எடுப்பது தாயக்கட்டையைத்தான்.

2020 மார்ச் 25-இல் ஆரம்பித்த கொரோனா பொதுமுடக்கத்தின் முதல் 21 நாளும் டிவியிலேயே போனது. தூர்தர்ஷன் மறுபடி போட்ட ராமாயணத்தை அத்தை ஒரு நாளும் விடவில்லை. பிள்ளைகள் செல்போனில் லூடோ ஆடினார்கள். பள்ளிக்கூடமே போனுக்குள் வந்த பிறகு, விளையாட்டும் அதற்குள்ளேயே என்றால் கண் என்னத்துக்கு ஆகும்? அதை அதோடு நிறுத்திவிட்டோம்.

கேரமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நன்றாக ஆடுகிறவர்கள் இருவர் உட்கார்ந்தால் அதற்கு ஈடு கிடையாது. அவர் கல்லூரி விடுதியில் ஆடிப் பழகியவர். மகளும் இரண்டே மாதத்தில் ஓரத்தில் தட்டித் திருப்பிக் காய் போடக் கற்றுக்கொண்டாள். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் மறுபடி முழு முடக்கம் வந்தபோது, தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குள் அப்பாவையும் மகளையும் பிடித்து வைத்தது கேரம்தான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

ஆனால் மகனுக்குக் கை எட்டாது. எட்டினாலும் அப்பாவை ஒருநாளும் ஜெயிக்க முடியாது. நாலு பேருக்கு மேல் இடமில்லை. ஐந்தாவது ஆள் எப்போதும் அத்தைதான். காய் வழுக்கிப் போகப் பலகையில் தூவும் போரிக் பவுடர் மொசைக் தரையில் சிந்தினால் வழுக்கும். எழுபது தாண்டியவர் நடமாடும் வீட்டில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளின் கையைக் கட்டாயம் கழுவ வைக்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் அடிக்கும் சத்தம் பக்கத்து அறை ஆன்லைன் வகுப்புக்குள் போய்விடும் என்பதால் காலையில் எடுக்கவே முடியாது.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். முடிவு செய்தது வேறொன்று: ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து போக முடியுமா என்பது.

எல்லாரும் வீட்டிலேயே இருந்தோமே தவிர, சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை. அவருக்கு ஆபீஸ் கால் வரும், குக்கர் விசில் அடிக்கும், தண்ணீர் மோட்டாரை நிறுத்த வேண்டும், அத்தைக்கு மாத்திரை நேரம் வரும். கேரமில் ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் கைக்காக இன்னொருவர் அடிக்க முடியாது. அடித்தால் அது உங்கள் ஆட்டம் இல்லை. தாயத்தில் அடுப்படியிலிருந்தே “எனக்கும் சேர்த்து உருட்டுடா” என்று சொல்லிவிடலாம். மகன் உருட்டுவான், “அம்மா, அஞ்சு! எந்தக் காயை நகத்த?” என்று கத்துவான். சாம்பாரைக் கிளறிக்கொண்டே யோசித்துச் சொல்வேன். என் ஆட்டம் என்னுடையதாகவே இருக்கும்.

இந்த ஒரு வசதி எவ்வளவு பெரியது என்று 2021 மே மாதம்தான் தெரிந்தது. அவருக்குத் தொற்று உறுதியானது. லேசானதுதான் என்று வீட்டுத் தனிமை சொன்னார்கள்: அறிகுறி தொடங்கியதிலிருந்து பத்து நாளாவது ஆக வேண்டும், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. வேளாவேளைக்கு ஆக்சிமீட்டர் பார்த்து, 94-க்குக் கீழே போகிறதா என்று எழுதி வைத்தோம். சாப்பாட்டுத் தட்டு வாசலில். மகன் அறைக்கதவுக்கு நேரே கூடத்துக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றான்.

மூன்றாம் நாள் அத்தைதான் வழி சொன்னார். “கட்டைய அவன்கிட்ட குடு. உள்ள உருட்டட்டும், நாம இங்க காய நகத்துவோம்.” பித்தளைக் கட்டை உள்ளே போனது. அறைக்குள் போனது வெளியே வரக் கூடாது என்பதால், எங்களுக்கு ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய நாலு புளியங்கொட்டை. இரண்டு ஆட்டம் போயிருக்கும், மகள் நோட்டில் கணக்குப் போட்டு, இது நியாயமில்லை என்று சொன்னாள். கட்டையில் வெறுமை, 1, 2, 3 என்று நாலு முகம். இரண்டு கட்டைக்குப் பதினாறு விதம். அதில் தாயம் (ஒரு கட்டை வெறுமை, மற்றது 1) விழுவது இரண்டு விதத்தில்தான், அதாவது எட்டுக்கு ஒன்று. நாலு கொட்டையில் ஒன்று மட்டும் வெளுப்பாக விழுந்தால் தாயம். அது பதினாறில் நாலு, நாலுக்கு ஒன்று. தாயம் விழாமல் காய் இறங்காது. “அப்பா பாவம், எறங்கவே முடியல” என்று அன்றே அவருக்கும் நாலு புளியங்கொட்டையை ஒரு காகித டம்ளரில் போட்டு வாசலில் வைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயந்திரம் ஆட்டம். எண்ணை உள்ளிருந்து சொல்வார். மகனுக்குச் சந்தேகம் வந்தால் வீடியோ காலில் கொட்டையைக் காட்டுவார். அவர் காயை அத்தை நகர்த்துவார், தன் மகனே ஆனாலும் இரக்கம் பார்க்காமல் வெட்டுவார். இருமல் கூடிய ஒரு நாள் மட்டும் பேச முடியாமல் விரலால் காட்டினார். கேரமில் இது எதுவுமே நடந்திருக்காது.

குறையும் சொல்ல வேண்டும். தரையில் கட்டம் போட்டு உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அட்டையில் வரைந்து டீப்பாய் மேல் வைத்தபிறகுதான் அத்தைக்குச் சரிப்பட்டது. இரண்டுமே உட்கார்ந்து ஆடுவதுதான், உடம்புக்கு வேலை இல்லை; மொட்டை மாடியில் அரை மணி நடையை நாங்கள் தனியாக வைத்துக்கொண்டோம். இருவர் மட்டும் உள்ள வீட்டில் தாயம் இத்தனை கலகலப்பாக இருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, எங்களிடம் ஆள் குறைந்ததே இல்லை. அங்கே பல்லாங்குழி பொருந்தலாம். அத்தையும் மகளும் சில மத்தியானங்கள் ஆடியதைப் பார்த்ததோடு சரி, நான் உட்கார்ந்து ஆடியதில்லை. வளர்ந்த பிள்ளைகள் இருவர் இருக்கும் வீட்டுக்குக் கேரமே போதும்.

கேரம் போர்டு இப்போது பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது, விடுமுறைக்கு யாராவது வந்தால் வெளியே வரும். அட்டைத் தாயக்கட்டம் டீப்பாய்க்கு அடியிலேயே இருக்கிறது. அவர் அறையில் உருட்டிய நாலு கொட்டையை டம்ளரோடு தூக்கிப் போட்டுவிட்டோம். மகன் வேறு நாலு கொட்டை எடுத்துத் தரையில் தேய்த்து வைத்திருக்கிறான்.