வொர்லிட்சர் 1015-ஆ, சீபர்க் எம்100சி-யா: வீட்டில் சீர்செய்ய எந்த ஜூக்பாக்ஸ்?

காசு போட்டால் வேண்டிய பாட்டைப் பாடும் பழைய ஜூக்பாக்ஸ் ஒன்றை வாங்கி நாமே சீர்செய்யலாம் என்று இறங்குகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள் உடனே காதில் விழும். ஒன்று 1946-இல் வந்த வொர்லிட்சர் 1015. மற்றது 1952-இல் வந்த சீபர்க் எம்100சி. முதலாவது நியூயார்க் மாநிலத்து நார்த் டோனவாண்டாவில் உருவானது, இரண்டாவது சிகாகோவில். என் ஓட்டு சீபர்க்குக்குத்தான். ஆனால் 1015-ஐ விரும்புகிறவர்கள் பக்கமும் வலுவான நியாயம் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜூக்பாக்ஸ் என்றதும் நம் மனதில் தோன்றும் உருவமே 1015-தான். வளைந்த உச்சி, இரு பக்கமும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் தூண்கள், ஓரத்தில் குமிழி ஏறும் கண்ணாடிக் குழாய்கள். வடிவமைத்தவர் பால் ஃபுல்லர். ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேல் விற்றது. இவ்வளவு விற்றதாலும், பின்னாளில் இதன்மேல் பைத்தியமாகத் திரிந்த சேகரிப்பாளர்களாலும், இதன் பிளாஸ்டிக் தூண்கள், குழாய்கள், முகப்பு வார்ப்புகள் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. உதிரிப் பாகம் கிடைக்காமல் வேலை பாதியில் நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம்.

பணம்தான் பிரச்சினை. பெட்டியே விலை அதிகம். அதன்மேல் ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டும் ஒவ்வொரு குரோம் பட்டையும் தனித்தனிச் செலவு. அப்புறம் மர வேலை. ஈரம் பட்ட வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, கீழ்ப்பக்கம் உரிந்து நிற்கும். அதை ஒட்டி, தேய்த்து, பாலிஷ் போட நல்ல தச்சுக்கை வேண்டும். 1015-ஐச் சீர்செய்வதில் பாதிக்கு மேல் தோற்றத்துக்கான உழைப்பு. அந்த வேலையில் மகிழ்ச்சி காண்பவருக்கு இதைவிட நல்ல பெட்டி கிடையாது.

குமிழிக் குழாய்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் திரவம் மெத்திலீன் குளோரைடு. ஏறக்குறைய 40 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் சின்னச் சூட்டுக்கே குமிழி விடுகிறது. ஆனால் அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல். குழாய் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நாமே திரவம் நிரப்பிப் பார்க்கும் ஆசை வேண்டாம், புதுக் குழாய் வாங்குவதே சரி.

1015 உள்ளே எப்படி வேலை செய்கிறது? 24 இசைத்தட்டுகள், தட்டுக்கு ஒரு வளையமாக, அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வேண்டிய தட்டின் வளையம் வெளியே வரும், சுழல்தட்டு கீழிருந்து எழும்பி அதைத் தூக்கி ஊசியிடம் கொண்டுபோகும். எளிமையான, கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய அமைப்பு. ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான் பாடும். மறுபக்கத்துப் பாட்டு வேண்டுமென்றால் நாம்தான் திறந்து புரட்டி வைக்க வேண்டும்.

சீபர்க் இங்கேதான் ஆட்டத்தை மாற்றியது. 1948-இல் வந்த எம்100ஏ, 50 தட்டுகளின் இரு பக்கங்களையும் பாடி, 100 பாட்டுகளைத் தந்தது. 1950-இல் எம்100பி, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் தட்டுகளுக்கு மாறியது. எம்100சி அந்த வரிசையில் அடுத்தது.

தட்டுகள் புத்தக அலமாரியில் இருப்பதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் அழுத்தினால், தண்டவாளத்தின்மேல் ஒரு வண்டி நகர்ந்து வந்து, சரியான இடத்தில் டக்கென்று நிற்கும். ஒரு கை தட்டைத் தூக்கிப் பிடியில் கொடுக்கும். தட்டு நின்ற நிலையிலேயே சுழலும், ஊசி பக்கவாட்டில் வந்து தொடும். மறுபக்கம் பாட வேண்டுமென்றால் தட்டைப் புரட்டுவதில்லை, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டு பக்கமும் பார்த்த இரண்டு ஊசிகள். இத்தனையும் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணெதிரே நடக்கிறது. வண்ண விளக்குகளைவிட இதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை.

சிக்கலான இயந்திரமாயிற்றே, வீட்டில் முடியுமா என்று கேட்பார்கள். முடியும், பொறுமை இருந்தால். பல வருடம் சும்மா கிடந்த சீபர்க் ஓடாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் தேய்மானம் இல்லை, பழைய எண்ணெயும் கிரீஸும்தான். இறுகி, வார்னிஷ் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு எல்லாத் தண்டுகளையும் பிடித்துவைத்திருக்கும். இந்த நிலையில் கரண்ட் கொடுப்பதோ கையால் முரட்டுத்தனமாகத் திருப்புவதோ பல்சக்கரத்தை உடைக்கும் வழி. ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, படம் எடுத்து வைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துடைத்து, கம்பெனியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் இடங்களில் மட்டும் துளி எண்ணெய் விட வேண்டும். ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயில் போடக் கூடாது. மேனுவலின் மறுபதிப்பு கிடைக்கிறது. ஸ்க்ரூடிரைவர் வாங்கும் முன் அதை வாங்கிவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் இரண்டும் சமம்தான். இரண்டுமே வால்வு செட். இரண்டிலும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர்கள் கெட்டிருக்கும்: பழைய பேப்பர் கண்டென்சர்களில் கரண்ட் கசியும், எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். இந்தக் கண்டென்சர்களை எல்லாம் மாற்றாமல் நேராக மெயினில் செருகினால் டிரான்ஸ்பார்மர் போய்விடலாம். முதல் தடவை சீரிஸ் பல்பு (கரண்ட் அளவு மீறாமல் தடுக்க, வரும் ஒயரில் தொடராக இணைக்கும் பல்பு) வைத்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி எறிந்துவிட்டு புது டிரான்சிஸ்டர் போர்டு மாட்டுவோரும் உண்டு. வேலை சுலபம், ஆனால் அந்தப் பெட்டியின் குரலே அதோடு போய்விடும். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டப்போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தப் பெட்டிகள் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்காகச் செய்தவை. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் வோல்டேஜ் சரியாகும், ஆனால் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. சீபர்க்கில் 45 சுற்று 37.5 ஆகிவிடும், வொர்லிட்சரில் 78 சுற்று 65 ஆகிவிடும். சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கும், பாடகி பாடகராகக் கேட்பார். ரப்பர் சக்கரம் ஓட்டும் அமைப்பாக இருந்தால், கடைசல் பட்டறையில் கொடுத்து மோட்டார் தண்டுக்கு ஒரு உறை செய்து, அதன் விட்டத்தை 20 சதவீதம் கூட்டலாம். அப்படிச் செய்தாலும் 60 ஹெர்ட்ஸுக்கான டிரான்ஸ்பார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும். அதனால் 117-க்குப் பதில் 100 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொடுப்பது நல்லது. முழுப் பெட்டிக்கும் 60 ஹெர்ட்ஸ் தரும் ஃபிரீக்வென்சி கன்வர்ட்டர் செலவு கூடிய வழி, ஆனால் எல்லாத் தலைவலியும் ஒரே அடியில் தீரும்.

இனித் தட்டுகள். இங்கே 1015-க்கு ஒரு அனுகூலம். அது பாடுவது 10 அங்குல 78 சுற்றுத் தட்டு. நம் பழைய தமிழ் சினிமாப் பாட்டுத் தட்டுகளும் அதே அளவுதான். தாத்தா வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தட்டு அதில் அப்படியே உட்காரும். ஆனால் அதன் ஊசிக்கை இன்றைய கார்ட்ரிட்ஜ்களைவிடப் பல மடங்கு கனமாக அழுத்தும், அரக்குத் தட்டு தேயும். கிடைத்தற்கரிய தட்டை அதில் ஓட்ட எனக்கு மனம் வராது. சீபர்க்குக்கு நடுவில் ஒன்றரை அங்குலத் துளை உள்ள 45 தட்டு வேண்டும். நம் ஊர் 45-கள் பெரும்பாலும் சின்னத் துளையோடு வந்தவை, நடுவை வெட்டாமல் ஏறாது. ஆனால் பெரிய துளை உள்ள அமெரிக்கத் தட்டுகள் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கின்றன.

மிச்சிகனில் செய்த ஏஎம்ஐ, சிகாகோவின் ராக்-ஓலா இரண்டும் நல்ல பெட்டிகளே. விலை குறைவாக ஒன்று அமைந்தால் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க ஆளும், உதிரியும், எழுதிவைத்த அனுபவமும் இந்த இரண்டு பெட்டிகளுக்குக் கிடைக்கும் அளவுக்கு எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். கீறிய குரோமும் வெடித்த பிளாஸ்டிக்கும் பயப்பட வேண்டியவை அல்ல, பிறகு வாங்கிக்கொள்ளலாம். இயந்திரம் முழுசாக இருக்கிறதா, ஆம்ப்ளிஃபயர் அதே பெட்டியுடையதா, துத்தநாக வார்ப்புகள் விரிசல் விட்டிருக்கின்றனவா, ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெளியே பளபளத்து உள்ளே பாதி காலியான பெட்டியைவிட, தூசி மூடிக்கிடந்தாலும் ஒரு பாகமும் குறையாத சீபர்க் எவ்வளவோ மேல்.