குறுஞ்செய்திக்குப் பெற்றோர் சம்மதம்: படிவமா, சீட்டா, ஓடிபியா?

திருமங்கலம் பக்கத்து மெட்ரிக் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பிள்ளை வரவில்லை, நாளை விடுமுறை, கட்டணத் தவணை, பெற்றோர் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் போகும் குறுஞ்செய்திகளுக்குப் பெற்றோரின் சம்மதத்தை எந்த வழியில் வாங்குவது என்ற பேச்சு ஒவ்வொரு மே மாதமும் எங்கள் மேசையில் எழும். சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி, தனி ஒப்புதல் சீட்டு, கைப்பேசிக்கு ஓடிபி, வாட்ஸ்அப் குழு அல்லது செயலி என நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. பலரும் இவற்றைச் செலவையும் வேகத்தையும் வைத்தே எடைபோடுகிறார்கள். சம்மதம் தந்தவர்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறாரா, அவருடைய எண்ணோ மனமோ மாறினால் அதைப் பதிய வழி உண்டா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே நான் பார்க்கிறேன்.

சேர்க்கைப் படிவத்து வரியில் தொடங்குகிறேன். இரத்தப் பிரிவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே, 'பள்ளி அனுப்பும் அனைத்துத் தகவல்களையும் பெறச் சம்மதிக்கிறேன்' என்று அச்சிட்டிருக்கும். செலவே இல்லாத வழி. ஆனால் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது கட்டாயமின்றி, நிபந்தனையின்றி, இன்ன நோக்கத்துக்கு என்று தெரிந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. 18 வயது நிறையாத பிள்ளையின் தரவு என்றால் பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. 'அனைத்துத் தகவல்களையும்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வருகைப்பதிவும் கோடைக்கால நீச்சல் பயிற்சி விளம்பரமும் ஒன்றாக அடங்கிவிடுவதால் இந்த வரி அந்த அளவுகோலில் நிற்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் சேவைச் செய்தியையும் விளம்பரச் செய்தியையும் தனித்தனியாகவே பார்க்கிறது. விளம்பரச் செய்திகளைத் தடுப்பதற்கான 1909 என்ற எண்ணுக்குச் சொல்லிக் கல்வி தொடர்பான விளம்பரங்களைத் தடுத்துவைத்திருக்கும் தந்தைக்கு வருகைச் செய்தி போய்ச் சேரும், நீச்சல் விளம்பரம் போகக் கூடாது.

தனிச் சீட்டு இதைவிடப் பல மடங்கு மேல். வருகையும் அவசரத் தகவலும் ஒரு கட்டம், கட்டண நினைவூட்டல் ஒரு கட்டம், மற்ற அறிவிப்புகள் ஒரு கட்டம் என்று பிரித்து, வேண்டியதை மட்டும் குறிக்கச் சொல்லலாம். செய்தி தமிழில் வேண்டுமா ஆங்கிலத்தில் வேண்டுமா என்றும் கேட்டுவிடலாம். இதில் காசுக் கணக்கும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் வரை கொள்ளும், தமிழில் 70தான். அதிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'நாளை பள்ளிக்கு விடுமுறை' என்பதே இடைவெளியோடு 23 ஆகிவிடும். சற்று நீண்ட தமிழ்ச் செய்திக்கு இரட்டைக் கட்டணம் என்பதால் நிர்வாகங்கள் ஆங்கிலத்துக்குச் சாய்கின்றன. படிக்க முடியாத செய்திக்கு வாங்கிய சம்மதத்தால் யாருக்கு என்ன பயன் என்று நானும் ஒவ்வொரு ஆண்டும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சீட்டின் பலவீனம், அது பிள்ளையின் பையில் வீட்டுக்குப் போய்த் திரும்புவது. சில கையெழுத்துகள் தந்தையுடையதைவிட அழகாக இருக்கும். எண்களிலும் தவறு நேரும். ஒரு முறை சீட்டில் இருந்த 7ஐ நாங்கள் 1 என்று பதிந்துவிட, ஆறாம் வகுப்பு மாணவனின் விடுப்புச் செய்திகள் ஒரு பருவம் முழுக்க முன்பின் தெரியாத ஓர் இளைஞருக்குப் போயின. கடைசியில் அவரே அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து, "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க, எம் புள்ள ஆப்சென்ட்டுன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாணவனின் தாய்க்கு அந்த மூன்று மாதமும் ஒரு செய்திகூடப் போயிருக்கவில்லை.

ஓடிபி இந்தத் தவறுக்கு இடம் தராது. எண் உயிரோடு இருக்கிறது, கருவி எதிரில் இருப்பவர் கையில் இருக்கிறது என்பது அரை நிமிடத்தில் உறுதியாகிவிடும். ஆனால் அது உறுதி செய்வது எண்ணை மட்டுமே, ஆளை அல்ல. போன ஜூனில் பேரனைச் சேர்க்க வந்த ஓர் அப்பத்தா, முந்தானையில் முடிந்திருந்த பட்டன் போனை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, ஒங்க போனுக்கு ஒரு ரிங்கு விட்டுப் பாத்துக்கங்க" என்றார். ஓடிபி வந்ததும் அதைப் படித்துச் சொன்னவன், சேர வந்திருந்த எட்டு வயதுப் பேரன். கணினியில் பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று விழுந்தது. தந்தை திருப்பூரில், தாய் பஞ்சாலை வேலையில். சம்மதம் தந்தது யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மிஸ்டு கால் கொடுத்துப் பதியும் முறைக்கும் இதே குறைதான், செலவு மட்டும் குறைவு.

வாட்ஸ்அப் குழுவை நான் சம்மத வழியாகவே கருதவில்லை. ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிவதற்கு எவரும் ஒப்புக்கொண்டதில்லை, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே விடுமுறை அறிவிப்பைத் தேடுவது வேறு. செயலியில் நோக்கம் வாரியாக அனுமதியை வைக்கவும் எடுக்கவும் முடியும் என்பது பெரிய வசதிதான். பட்டன் போன் வீடுகளுக்கு அது எட்டாது.

திரும்பப் பெறும் இடத்தில்தான் எல்லா வழிகளும் தடுமாறுகின்றன. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, விலக்கிக்கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பள்ளியின் செய்தி கைப்பேசி எண்ணிலிருந்து அல்லாமல், ஆங்கில எழுத்துகளாலான அனுப்புநர் தலைப்பில் போகிறது. அதற்குப் பதில் அனுப்பினால் எங்களுக்கு வந்து சேராது. "வேண்டாம்னு மெசேஜ் போட்டேனே சார்" என்று வாதாடிய தந்தைகள் பொய் சொல்லவில்லை. எண் மாற்றம் இன்னும் சிக்கல். துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம் என்பதால், போன ஆண்டு ஓடிபி போட்டுச் சரிபார்த்த எண்ணிலேயே இந்த ஆண்டு வேறு யாரோ இருக்கக்கூடும்.

ஆகவே எங்கள் அளவுள்ள பள்ளிக்கு, சீட்டையும் ஓடிபியையும் இணைத்து, இரண்டையும் அலுவலக மேசையிலேயே முடிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து சீட்டைக் குறிக்க வேண்டும். அவர் எதிரிலேயே ஓடிபி போக வேண்டும். எண் யாருடையது, அவர் பிள்ளைக்கு என்ன உறவு என்பதைச் சீட்டிலேயே எழுத வேண்டும். அப்பத்தா மட்டும் வந்தால் சேர்க்கை நடக்கட்டும், சம்மதக் கட்டம் காலியாக இருக்கட்டும்; முதல் பெற்றோர் கூட்டத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஒருவருக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், ஜூன் முதல் வாரத்தில் வரிசை வாசல் வரை நீளும், தலைமையாசிரியர் முகம் சுளிப்பார். விலக்கலுக்கும் எண் மாற்றத்துக்கும் நாங்கள் ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறோம். சீட்டின் கீழ்க்கிழிப்பு பெற்றோரிடமே இருக்கும். அதில் அலுவலகத் தொலைபேசி எண்ணும், 'நிறுத்தச் சொல்லவும் எண் மாற்றவும் இந்த எண்ணுக்குப் பேசினால் போதும்' என்ற வரியும் கொட்டை எழுத்தில் உள்ளன. அரையாண்டு விடுமுறைக்குள் 11 பேர் அப்படிப் பேசினார்கள். ஒன்பது பேர் எண் மாற்றத்துக்கு, இருவர் கட்டண நினைவூட்டலை நிறுத்தச் சொல்லி.