பத்மினிக்கு இடது கண்ணாடி: கிளாம்ப்பா, மட்கார்டா, டோரா?

மாமனாரின் 1984 பிரீமியர் பத்மினி கார், பின்னால் வருவதைக் காட்டும் ஒற்றைக் கண்ணாடியோடு வந்த வண்டி. டிரைவர் பக்கம் ஒன்று இருக்கும், இடது டோர் மொட்டையாக இருக்கும். அந்தக் காலத்து பெங்களூரில் அது யாருக்கும் குறையாகப் பட்டிருக்காது. இப்போது அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏறுவதற்குள் இடது பக்கமாக நாலு ஸ்கூட்டர், ஒரு டெலிவரி பைக், சந்து கிடைத்தால் ஓர் ஆட்டோவும் நுழைந்துவிடுகின்றன. "மாப்ள, நாப்பது வருஷமா கழுத்தைத் திருப்பித்தான் ஓட்டினேன். வண்டி இன்னும் நல்லாத்தான் இருக்கு, கழுத்துதான் திரும்பமாட்டேங்குது" என்றார் மாமா. இடது கண்ணாடி மாட்டலாம் என்றேன். தலையாட்டினார், ஆனால் பாடியில் ஓட்டை மட்டும் போடக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்.

ஓட்டை இல்லாமல் என்றால் கிளாம்ப்தான். ஜே.சி. ரோட்டில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்று டோரின் விளிம்பைக் கவ்வும், இன்னொன்று முன்னாலிருக்கும் முக்கோணக் கண்ணாடியின் சட்டத்தைக் கவ்வும். சில நூறு ரூபாய், பத்து நிமிட வேலை, பிடிக்காவிட்டால் கழற்றி எறியலாம் என்று வாங்கி வந்து, சட்டத்தைக் கவ்வும் ரகத்தை மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தோம். சட்டம் மெல்லியது. நின்றுகொண்டிருக்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரியும், ஐம்பதைத் தொட்டால் பின்னால் வரும் பஸ் இரண்டாகி நடுங்கும். டோர் விளிம்பைக் கவ்வும் ரகத்தில் ஆட்டம் குறைவு. ஆனால் டோருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கிளாம்ப்பின் தடிமன் உட்கார வேண்டும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பெயிண்டை உரசும். ரப்பருக்கு அடியில் மழைத்தண்ணீர் தங்கும். ஓட்டை வேண்டாம் என்று கிளாம்ப் போட்டு, ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றினால் அங்கே துருப் பொட்டு இருக்கும். வருடத்துக்கு நாலு தடவை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு கிளாம்ப் போதும். தினமும் காய்கறிக்கும் கோயிலுக்கும் போகும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கண்ணாடியைப் பற்றி. எங்கே மாட்டுவது என்பதைவிட எதை மாட்டுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வலது பக்கத்தில் சமதளக் கண்ணாடி நன்றாக வேலை செய்கிறதே, இடதுக்கும் அதே ஜோடி போதும் என்று தோன்றும். போதாது. 12 செ.மீ. அகலமுள்ள சமதளக் கண்ணாடி கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் பின்னால் சுமார் 11 டிகிரி காட்டும். அதையே 130 செ.மீ. தள்ளி இடது பக்கம் வைத்தால் 5 டிகிரிதான், சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல. அதனால் இடதுக்குக் குவிந்த கண்ணாடியே சரி. அது அகலமாகக் காட்டும், பதிலுக்கு எல்லாவற்றையும் சின்னதாக்கி, தூரத்தில் இருப்பது போலத் தோன்றச் செய்யும். அமெரிக்க வண்டிகளின் பயணி பக்கக் கண்ணாடியில் 'தெரிவதைவிடப் பொருட்கள் அருகில் உள்ளன' என்ற எச்சரிக்கை எழுதியிருப்பது இதனால்தான். ஆள் இருக்கிறானா என்று குவிந்த கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம், எவ்வளவு கிட்டத்தில் என்பதை உள்ளே இருக்கும் சமதளக் கண்ணாடியில் சரிபார்க்கலாம். மாமாவுக்கு இது பழக ஒரு வாரம் ஆனது.

வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் பாக்கெட்டில் ஒரு சின்ன காந்தம் வைத்திருந்தேன். இறுக்கமாக ஒட்டினால் இரும்பின்மேல் குரோம் பூச்சு, இரண்டு மழையில் புள்ளி விழலாம். ஒட்டாவிட்டால் எவர்சில்வர்தான் என்று முடிவு கட்டவும் முடியாது, துத்தநாக வார்ப்பும் ஒட்டாது. கையில் எடுத்து, கண்ணாடி திரும்பும் உருண்டை இணைப்பை ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே தொளதொளவென்று இருந்தால் வீட்டில் இறுகப்போவதில்லை. இடது பக்கத்துக்கு வளைந்த அடித்தட்டுதானா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். வலதுக்கான அடித்தட்டைத் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கடையில் தைரியம் சொன்னார்கள்.

இனி உண்மையான போட்டி, மட்கார்டுக்கும் டோருக்கும். மட்கார்டின் மேல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் கண்ணாடியைக் கிழவர் வண்டி அடையாளம் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஜப்பானில் 1983 வரை கார்களுக்கு அதுதான் சட்டம், அதற்குப் பிறகுதான் டோர் கண்ணாடிக்கு அனுமதி வந்தது. காரணமில்லாமல் இல்லை. மட்கார்டு கண்ணாடியை முன் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். கழுத்து திரும்ப வேண்டாம், கண் நகர்ந்தால் போதும். பக்கத்து சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாலும் மறைக்காது. மழையில் அந்த வழியை வைப்பர் துடைத்துக்கொடுக்கும். டோர் கண்ணாடியையோ நீர் வழியும் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். கழுத்துவலிக்காரருக்கு மட்கார்டுதான் என்று நான் வாதாடினேன்.

சோதித்துப் பார்த்ததில் என் வாதம் பாதிதான் நின்றது. மாமாவை ஓட்டும் சீட்டில் உட்காரவைத்து, வாங்கிய கண்ணாடியை நான் மட்கார்டில் பிடித்தேன். மைத்துனன் ஸ்கூட்டரில் பின்னாலிருந்து வந்தான். கழுத்து திரும்பவில்லை, வாஸ்தவம். ஆனால் அவ்வளவு தூரத்தில் குவிந்த கண்ணாடிக்குள் மைத்துனன் எறும்பாகிவிட்டான். "வர்றது அவனா, அவன் நிழலா?" என்றார் மாமா. கண்புரை ஆபரேஷன் செய்த கண் அது. இன்னொரு சங்கடமும் உண்டு. மட்கார்டின் அடிப்புறம் சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராகப் படும் இடம். அங்கே போடும் ஓட்டையில் சீல் கொஞ்சம் விட்டுப்போனாலும் துரு பிடிக்கும்.

அடுத்து டோரில், இரண்டு இடங்களில் பிடித்துப் பார்த்தோம். பலர் மாட்டுவது போல டோரின் நடுப்பக்கமாக வைத்தால் அத்தையின் தோள் முக்கால்வாசியை மறைத்தது. முன் மூலைக்கு நகர்த்தியதும் முக்கோணக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கழுத்தை அரைத் திருப்பு திருப்பினால் போதும். முக்கோணக் கண்ணாடிக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவிலுள்ள கம்பி குறுக்கே விழாதபடி இரண்டு விரல் முன்னே தள்ளிப் பிடித்து, அங்கே டேப் ஒட்டிக் குறி வைத்தோம். டேப் மேஜரை வைத்து வலது பக்கத்துக்குச் சமமாக அளந்திருந்தால் கம்பிக்கு நேர் பின்னால் போய் நின்றிருக்கும். ஓட்டைக்கு மாமா ஒப்புக்கொண்டதும் அப்போதுதான்: "டோர்னா பரவால்ல, நாளைக்கு வேற டோர் மாட்டிக்கலாம்."

உள்ளே கிளிப் போட்டு மாட்டும் அகலக் கண்ணாடியை ஒருவர் சொன்னார். பின் சீட்டில் பேரப்பிள்ளைகள் ஏறினால் அதில் அவர்கள் முகம்தான் தெரியும், இடது மூலை அப்படியே குருடு. கேமரா வைக்கலாம் என்றான் மைத்துனன். ஸ்டீயரிங்கில் கியர் உள்ள வண்டியின் டாஷ்போர்டில் டிவி எதற்கு என்று மாமா எழுந்து போய்விட்டார்.

வேலையை சிவாஜிநகரில் ஒரு டிங்கர் பாய் செய்தார். அவர் முதலில் செய்தது, டோரின் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, உள் அட்டையைக் கழற்றி, அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தது. ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாக இருந்தால் இறங்கும் கண்ணாடியைக் கீறும், அல்லது உடைக்கும். டேப்பின் மேல் பஞ்ச் வைத்துத் தட்டி, 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் பெரிதாக்கினார். ஓட்டையின் விளிம்புக்கு பிரைமர் தொட்டு, தகட்டுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் பட்டி, வெளியே ரப்பர். பின்பட்டி இல்லாமல் வெறும் தகட்டில் முறுக்கினால் அதுவும் கிளாம்ப் போலவே நடுங்கும் என்றார். டோருக்குள் தண்ணீர் எப்படியும் இறங்கும் என்பதால், அடியில் அடைந்திருந்த வடிகால் துளைகளையும் கம்பியால் குத்திவிட்டார்.

ஒரே தொல்லை, ஓட்டுபவர் சீட்டிலிருந்து இடது கண்ணாடி கைக்கு எட்டாது. மாமா ஓட்டிய பிறகு நான் ஓட்டினால் ஒரு முறை, நான் ஓட்டிய பிறகு மாமா ஓட்டினால் ஒரு முறை என்று அத்தைதான் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, "இப்ப தெரியுதா, இப்ப?" என்று திருப்பிக்கொண்டிருக்கிறார்.