நெப்டியூன்: ஆடம்ஸின் கடிதமா, லெவெரியேயின் கடிதமா?

யுரேனஸின் பாதை கணக்கிலிருந்து விலகுவதை வைத்து, அதுவரை கண்டுபிடிக்கப்படாத நெப்டியூன் எங்கே இருக்கும் என்று இங்கிலாந்தின் ஆடம்ஸும் பிரான்சின் லெவெரியேவும் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். கணக்குத் திறமையில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை, ஆனால் கடிதம் என்று வந்தால் நான் லெவெரியே பக்கம்தான். ஆடம்ஸ் 1845 அக்டோபரில் கிரீன்விச் வானாய்வகம் போய், அதன் தலைவர் எய்ரியைப் பார்க்க முடியாமல், முடிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தார். யுரேனஸின் சூரியத் தொலைவில் தெரியும் பிழைக்கும் இந்தப் புதுக் கோள் விளக்கம் தருமா என்று எய்ரி கேட்டு எழுதினார். பதில் போகவே இல்லை, பாவம், பாதியில் நின்ற வரைவு மட்டும் இருக்கிறது.

எய்ரி கேட்ட அதே கேள்விக்கு 1846 ஜூனில் லெவெரியே உடனே பதில் போட்டார். அப்புறம் செப்டம்பர் 18 அன்று பெர்லினில் இருந்த வானியலாளர் கால்லேவுக்கு, எங்கே தேட வேண்டும் என்று எழுதினார். 23ஆம் தேதி கடிதம் கைக்கு வந்தது, அன்று இரவே கால்லே தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல, கூட இருந்த தரெஸ்ட் விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வர, வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி சிக்கியது, சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்குள்.