ரூடியோடு ஒரே வீட்டில்: ஃபன்ஹவுஸ் பின்பால், பல வருட அனுபவம்

வில்லியம்ஸ் கம்பெனியின் ஃபன்ஹவுஸ் பின்பால் மிஷின் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. கண்ணாடி மூடிய சாய்வான பெட்டிக்குள் உருளும் இரும்புப் பந்தை, பட்டனைத் தட்டினால் எகிறும் ஃபிளிப்பர் என்கிற சின்னத் துடுப்புகளால் கீழே விழாமல் அடித்து ஆடுவதுதான் பின்பால். வந்த புதிதில் எழுதியிருந்தால் அதன் வெளிச்சத்தையும் சத்தத்தையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். இன்று சொல்ல இருப்பது வேறு. பழைய பின்பால் மிஷினில் ஆடுவதும் அதைப் பழுது பார்ப்பதும் தனித்தனி வேலைகள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி உள்ளே கை வைக்க விருப்பம் இருப்பவருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. விருப்பம் இல்லாதவர் காசு போட்டு ஆடும் ஆர்கேடில் போய் ஆடிவிட்டு வருவதே மேல்.

ஃபன்ஹவுஸ் 1990 நவம்பரில் வெளிவந்தது. வடிவமைத்தவர்கள் பாட் லாலர், லாரி டிமார். ஓவியம் ஜான் யூசி, இசை கிறிஸ் கிரானர். மொத்தம் 10,750 மிஷின்கள் செய்தார்கள். எல்லாம் சிகாகோ கலிஃபோர்னியா அவென்யூ ஃபேக்டரியில் உருவானவை. நாங்கள் இருப்பது சிகாகோ புறநகர் என்பதால் எங்களுடையது பிறந்த ஊரைவிட்டு அதிக தூரம் போகவில்லை. பின்பால் என்றாலே சிகாகோதான். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பெரிய பெயர்கள் எல்லாம் இங்கிருந்து வந்தவை. இத்தனைக்கும் சூதாட்டம் என்று சொல்லி 1970கள் வரை இதே ஊரில் பின்பாலுக்குத் தடை இருந்தது! உலகத்துக்கே மிஷின் செய்து அனுப்பிய தொழிலாளி தன் தெருமுனைக் கடையில் ஆட முடியாது.

ஃபன்ஹவுஸின் உயிர் ரூடி. ஆடுதளத்தின் மேல் பகுதியில் உட்கார்ந்திருக்கும் பொம்மைத் தலை. கண் உருட்டும், இமை மூடும், வாய் திறந்து பேசும். குரல் கொடுத்தவர் எட் பூன். பின்னாளில் மார்ட்டல் காம்பாட் வீடியோ கேமை உருவாக்கிய இருவரில் ஒருவர். நடுவில் ஒரு கடிகாரம். இலக்குகளை அடிக்க அடிக்க நேரம் நள்ளிரவை நோக்கி நகரும். ரூடிக்கு அது பிடிக்காது. கடிகாரத்தோடு விளையாடாதே என்று திட்டுவான். நள்ளிரவு ஆனதும் தூங்கிப்போய் வாயைத் திறந்து குறட்டை விடுவான். ஏற்கனவே அடித்து மிஷினுக்குள் பூட்டி வைத்த பந்துகள் தயாராக இருக்க, திறந்த வாய்க்குள் பந்தை அடித்தால் திடுக்கிட்டு விழிப்பான். மூன்று பந்தும் ஒன்றாக இறங்கும். அப்புறம் ஜாக்பாட்டுக்காக, ஆடுதளத்தில் திறந்து மூடும் பொறிக்கதவைத் தேடி அடிக்க வேண்டும்.

இன்றைய மிஷின்களில் விதிகள் பக்கம் பக்கமாக இருக்கும். வந்த விருந்தாளிக்கு விளக்குவதற்குள் பந்து இறங்கிவிடும். இங்கே ஒரு வரி போதும்: கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோ, அவன் வாயில் அடி. பின்பாலே பார்த்திராத என் மாமியாரும் முதல் ஆட்டத்திலேயே ரூடியோடு சண்டைக்குப் போய்விட்டார். எளிமையான விதி என்பதால் சலித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது, பந்தைக் கட்டுப்படுத்துவதுதான் கைவர மாட்டேன் என்கிறது. வேகமாக வரும் பந்தைக் கண்டதும் பட்டனைத் தட்டாமல், அசையாத ஃபிளிப்பரில் பட்டு அடுத்த பக்கத்துக்குத் துள்ளிப்போக விட்டு அங்கே நிறுத்திப் பிடிப்பது. கேபினெட்டைச் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளுவது. இந்த இரண்டும் பழக வருடக்கணக்கு ஆகிறது.

சாய்வை மட்டும் அளந்து வையுங்கள். ஆடுதளத்தின் சாய்வு 6.5 டிகிரி அளவில் இருக்க வேண்டும். காலடித் திருகைத் திருப்பி லெவல் கருவி வைத்துப் பார்த்தாலே போதும். படுத்தமாதிரி வைத்தால் பந்து சோம்பலாக மிதக்கும். சாய்வு சரியாக இருக்கும்போது மட்டும்தான் லாலர் நினைத்த வேகம் கிடைக்கும். அளவுக்கு மீறித் தள்ளினால் அந்தப் பந்தின் ஆட்டத்தை நிறுத்திவிடும் டில்ட் ஊசலையும் கொஞ்சம் கறாராக வையுங்கள். எவ்வளவு தள்ளினாலும் மன்னிக்கிற மிஷினில் திறமை வளராது.

இனி உள்ளே. ஒரு நாள் மகள் சொன்னாள்: "பந்து மேலே ஏறவே மாட்டேங்குதுப்பா, பாதியிலயே திரும்பி வருது." ராம்ப் என்கிற ஏறுபாதையைக் குறி பார்த்து சரியாகத்தான் அடிக்கிறாள், பலம்தான் இல்லை. ஆடுதளத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். ஃபிளிப்பரை இயக்கும் காயிலுக்குள், அதாவது கம்பி சுற்றிய மின்காந்தத்துக்குள், இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பிச் சுற்று பந்தை அடிக்க. மெல்லிய கம்பிச் சுற்று ஃபிளிப்பரை மேலேயே பிடித்து வைக்க. பட்டனை அழுத்தியதும் 50 வோல்ட் தடித்த சுற்றில் பாய்கிறது. ஃபிளிப்பர் முழுக்க மேலே போனதும் ஈ.ஓ.எஸ். (எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக்) என்கிற சின்ன சுவிட்ச் திறந்து, மெல்லிய சுற்றையும் பாதையில் சேர்த்து கரண்டைக் குறைக்கிறது. சுவிட்ச் திறக்காமல் போனால் காயில் கருகும். சரியாக மூடாமல் இருந்தால் ஃபிளிப்பர் சோர்ந்துபோகும். எங்கள் சுவிட்சின் முனைகள் பொறி பட்டுப் பட்டுக் கறுத்துக் குழி விழுந்திருந்தன. மெல்லிய அரத்தால் ராவி, இடைவெளியைச் சரிசெய்து, சுவிட்ச் அருகே இருக்கும் சின்ன கெபாசிட்டரையும் மாற்றினோம். பழைய நைலான் ஸ்லீவ், அதற்குள் போய்வரும் பிளஞ்சர், அது முட்டி நிற்கும் ஸ்டாப் எல்லாவற்றையும் கூடவே புதிதாகப் போட்டோம். அன்று மாலை மகள் அடித்த முதல் அடி ராம்ப்பின் உச்சிக்கே போனது. பெரிய செலவே இல்லாமல் இவ்வளவு வித்தியாசம் தரும் வேலை வேறெதுவும் இல்லை. பழைய மிஷின் வாங்கினால் ஃபிளிப்பரைப் புதுப்பிப்பதுதான் முதல் வேலை.

அடுத்து எல்லோரும் பயப்படுகிற ரீசெட் பிரச்சினை. மூன்று பந்தும் ஓடுகிறது, இரண்டு ஃபிளிப்பரையும் ஒன்றாகத் தட்டுகிறீர்கள், டக்கென்று எல்லாம் அணைந்து மிஷின் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஸ்கோர் போச்சு. ஃபன்ஹவுஸில் இருப்பது வில்லியம்ஸின் டபிள்யூ.பி.சி. தலைமுறை சர்க்யூட் போர்டுகள். இவற்றின் வயதான காலத்து வியாதி இது. ஃபிளிப்பர்கள் ஒன்றாக இழுக்கும்போது மின்னழுத்தம் நொடிப்பொழுது சரிகிறது. கம்ப்யூட்டர் பகுதிக்கு வர வேண்டிய 5 வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் காவல் சிப் எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். மிஷின் புதிதாக இருந்தபோது தாங்கியது, இப்போது தாங்கவில்லை. காரணம் பெரும்பாலும் பவர் போர்டில் இருக்கும் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பி.ஆர்.2 என்கிற ரெக்டிஃபையர், அதன் பக்கத்தில் அந்த மின்சாரத்தைச் சீராக்கும் சி5 என்கிற 15,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அல்லது சூட்டில் பழுத்த ஒயர் கனெக்டர். மீட்டர் வைத்து அளந்துவிட்டு இவற்றைப் பாருங்கள். எடுத்தவுடன் போர்டையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானறிந்தவரை பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்கள் மட்டும் இதைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். போர்டில் இருக்கும் மெல்லிய செப்புத் தடம் பிய்ந்துவிட்டால் வேலை இரண்டு மடங்காகும்.

மேல்பெட்டியில் ஸ்கோர் காட்டும் டிஸ்ப்ளே பக்கம் 100 வோல்ட்டுக்குக் குறையாமல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்காமல் அந்தப் பெட்டிக்குள் கை விடக் கூடாது.

ஆனால் ரீசெட்டைவிட மோசமான எதிரி பேட்டரி. போர்டிலேயே மூன்று ஏ.ஏ. பேட்டரிகள் உட்கார்ந்திருக்கும், அமைப்புகளையும் உயர்ந்த ஸ்கோர்களையும் நினைவில் வைக்க. மறந்து விட்டுவிட்டால் கசிந்து போர்டைத் தின்றுவிடும். பச்சைப் பொருக்கு படர்ந்து தடங்கள் அரித்துப்போன மிஷின்கள் ஏராளம். இவற்றைச் சேமிக்கும் நினைவகச் சிப்பை எடுத்துவிட்டு பேட்டரியே வேண்டாத சிப்பைப் போட்டுவிட்டேன். அணைத்து வைத்தால் மிஷினின் நேரம் மட்டும் மறந்துபோகும், மற்றதெல்லாம் பத்திரம்.

ரூடிக்கும் வைத்தியம் தேவைப்படுகிறது. பந்து முகத்தில் பட்டுப் பட்டுத் தாடையில் விரிசல் விழும், வாயை இயக்கும் மோட்டார் முனகும். வாய் அரைகுறையாகத் திறந்தால் அதற்குள் அடிக்கிற ஆட்டமே கெட்டுவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மாற்றுத் தலைகளும் உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. 1985 முதல் சிகாகோ பக்கம் நடக்கும் பின்பால் எக்ஸ்போவுக்குப் போனால் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

தினசரிப் பராமரிப்பு சுலபம். பந்தைப் பாருங்கள். கீறல் விழுந்த பந்து உப்புத்தாள் மாதிரி ஆடுதளத்தைத் தேய்த்துவிடும். பந்தின் விலை சொற்பம், ஆடுதளத்தின் பெயின்ட் திரும்ப வராது. தண்ணீர் பட விடாதீர்கள். தூசியைத் துடைத்து கார்னௌபா என்கிற தாவர மெழுகு பூசினால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்து வெடித்த ரப்பர்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

பல்புக்குப் பதில் எல்.இ.டி. போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சூடு குறையும், கனெக்டர் பழுக்காது, நல்லதுதான். ஆனால் குளிர்ந்த வெள்ளை வெளிச்சத்தில் யூசியின் மஞ்சளும் சிவப்பும் செத்துப்போகின்றன. மஞ்சள் கலந்த வெள்ளையைப் பார்த்து வாங்குங்கள். பளிச்சென்று கண்ணைக் குத்தும் வண்ண எல்.இ.டி.கள் இந்த மிஷினுக்கு வேண்டவே வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: இன்று நல்ல நிலையில் இருக்கும் ஃபன்ஹவுஸுக்குப் பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். அதனால் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். காசுக்கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பட்டன்களால் டெஸ்ட் மெனுவுக்குப் போய் ஒவ்வொரு சுவிட்சையும் காயிலையும் சோதியுங்கள். கிரெடிட் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி தெரிந்தால் ஏதோ ஒரு சுவிட்சில் கோளாறு என்று மிஷினே சொல்கிறது. பேட்டரி இருக்கும் இடம், பொறிக்கதவைச் சுற்றிய மரம், ரூடியின் தாடை மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெயிலில் நின்ற கேபினெட் என்றால் ஒரு பக்க நிறம் வெளுத்திருக்கும். அது அழகுக் குறைதான், விலையைக் குறைக்கப் பயன்படும்.

எடை 100 கிலோவுக்கு மேல், எனவே வேனும் இரண்டு பேரும் வேண்டும். கால்களைக் கழற்றி, மேல்பெட்டியை மடக்கி, பட்டையால் கட்டிவிடலாம். கிளம்பும் முன் பந்துகளை எல்லாம் வெளியே எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் உருண்டால் ஆடுதளத்திலும் கண்ணாடியிலும் மோதிக் காயப்படுத்திவிடும்.